கட்டைவிரல் போட்டால் கவிதை கைமாறிவிடுமா?

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 16 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன். கோடை விடுமுறையில் ஒரு தனியார் அமைப்பு நடத்திய ஐந்து நாள் கவிதைப் பட்டறையில் சேர்ந்தாள். கட்டணம் 2,500 ரூபாய். முதல் மூன்று நாள் எழுத்துப் பயிற்சி. கடைசி இரண்டு நாள் எழுதியதை மேடையில் நிகழ்த்தப் பயிற்சி: மூச்சு எங்கே விடுவது, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, தாளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது. ஐந்தாம் நாள் மாலை ஒரு மண்டபத்தில் 18 பிள்ளைகள் தங்கள் கவிதைகளைப் பெற்றோர் முன்னால் சொன்னார்கள். இவள் சொன்னது அம்மாவின் வளையல்களைப் பற்றி. அத்தை மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வளையல்களை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகியும் பணமும் வரவில்லை, வளையலும் மீளவில்லை. கவிதையில் அத்தையின் பெயர் இல்லை. ஆனால் ‘மேலத்தெரு அத்தை’ என்று இருக்கிறது.

நிகழ்ச்சியின் வீடியோ யூட்யூபில் ஏறியது. யாரோ அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அத்தை ‘மானநஷ்ட வழக்குப் போடுவேன்’ என்கிறார். அப்பா கவிதை நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, இனி எழுதக்கூடாது என்கிறார். இதற்கிடையில் அமைப்பாளர்கள் பிள்ளைகளின் கவிதைகளைத் தொகுப்பாக அச்சிடுகிறார்கள். இவள் கவிதையில் ‘எங்கம்மை’ என்பதை ‘என் அன்னை’ என்று மாற்றி, முடிவில் ‘உழைத்தால் மீட்போம், உலகை வெல்வோம்’ என்று இவள் எழுதாத ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் 150 ரூபாய் வீதம் 20 பிரதி வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கேட்டால், ‘உங்கள் மகள் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், எல்லா உரிமையும் நிரந்தரமாக எங்களுக்குத்தான்’ என்று பதில். ‘நானும் பட்டறையின் வாட்ஸ்அப் குரூப்பில் சம்மதம் என்று கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டேன். பதிவும் செய்யவில்லை, காப்புரிமையும் இல்லை. இனி என்ன செய்ய முடியும்?’ என்று கேட்கிறார் தாய்.

அன்புள்ள சகோதரி,

நிறையவே செய்ய முடியும். ஆனால் முதலில் ஒன்று. உங்கள் கடிதத்தில் அமைப்பாளர்கள் சொன்னது இருக்கிறது, உங்கள் கணவர் சொன்னது இருக்கிறது, நாத்தனார் சொன்னது ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் எங்குமே இல்லை. கவிதையின் சில வரிகளை இங்கே போடலாமா என்று உங்கள் வழியாகக் கேட்டிருந்தேன். ‘போடலாம், ஆனா எங்கம்மைன்னே போடணும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவள் குரலாக நான் கேட்டது அவ்வளவுதான். அதிலேயே தான் எழுதியதைத் தன்னுடையது என்று அவள் தெளிவாக நினைப்பது தெரிகிறது. சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது.

கவிதை யாருடையது

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். காப்புரிமை என்று பலரும் சொல்கிறோம். புதிய இயந்திரத்துக்கும் மருந்துக்கும் கொடுப்பதையும் அப்படியே சொல்வதால் குழப்பம் வருகிறது. எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பதிப்புரிமை அப்படியல்ல, எழுதிய அந்தக் கணத்திலேயே பிறந்துவிடுகிறது. விருப்பப்பட்டால் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம், பின்னாளில் சான்றாக உதவும். பதிவு செய்யாததால் எந்த உரிமையும் போகாது. (தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதுதான் பதிப்புரிமை என்று நம்பும் கவிஞர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தபால்துறைக்கு வருமானம், வேறொன்றுமில்லை.)

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர்தான். எழுதியவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. பட்டறை நடத்தியவர்கள் தலைப்புக் கொடுத்தார்கள், திருத்தச் சொன்னார்கள் என்பதால் கவிதை அவர்களுடையதாகாது. அவள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது அவளுடையது, அவள் வாரிசுகளுடையது.

உங்கள் கணவர் ‘நம் வீட்டு விஷயத்தை எழுத அவளுக்கு யார் உரிமை கொடுத்தது’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு வீட்டில் நடந்தவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை அவள் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அவள் அனுமதித்த மூன்று வரிகள் இவை:

எங்கம்மை மணிக்கட்டில
வளையல் போட்ட இடம் மட்டும் வெளுப்பா இருக்கு.
கடைக்காரன் அத எடை போடல.

அடகுக் கடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரன் எடை போடாமல் விட்டதை இந்தப் பெண்தான் பார்த்திருக்கிறாள். அதைத்தான் சட்டம் அவளுடைய சொத்து என்கிறது.

படிவமும் கட்டைவிரலும்

படிவத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள் இல்லை, 16 வயதுப் பெண். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் சொன்ன தீர்ப்பு. நூறாண்டுக்கு மேலாகியும் வக்கீல்களாகிய நாங்கள் தினமும் அதைத்தான் எடுத்துப் படிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஓர் அடமான வழக்குதான். கல்கத்தாவில் மைனர் பையன் ஒருவன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய கதை.

இதோடு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் இருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த இடத்துக்கு, எழுதியவருக்கு என்ன கிடைக்கும் என்று குறிப்பிட வேண்டும். காலத்தைச் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடத்தைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். சேர்க்கைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று ஒரு வரி போட்டுவைப்பது இதற்கெல்லாம் ஈடாகாது.

உங்கள் கட்டைவிரலை மட்டும் நான் அவ்வளவு எளிதாக ஒதுக்க மாட்டேன். ‘நிகழ்ச்சியைப் பதிவு செய்து நம் சேனலில் போடுகிறோம், சம்மதமா?’ என்று பட்டறை குரூப்பில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நீங்கள் கட்டைவிரல் போட்டிருக்கிறீர்கள். அது கவிதையை எழுதிக் கொடுத்ததாக ஆகவே ஆகாது. ஆனால் வீடியோ எடுக்கவும் வெளியிடவும் அனுமதித்தீர்கள் என்று அவர்கள் வாதிட இடமிருக்கிறது. அதனால் ‘எங்களைக் கேட்காமல் போட்டார்கள்’ என்று எங்கும் எழுதாதீர்கள். ‘அன்று சம்மதித்தேன், இன்று அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதுங்கள். காசு எதுவும் வாங்காமல் கொடுத்த அனுமதி அது. திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல உங்களுக்குத் தடையில்லை.

வீடியோவை எடுக்கச் சொல்வது

மேடையில் நிகழ்த்தியவருக்கும் தனியாக ஓர் உரிமை உண்டு. 38ஆம் பிரிவு அதை நிகழ்த்துநர் உரிமை என்கிறது. அதற்கு ஆயுள் 50 ஆண்டு. ஆக அவள் எழுதியவள் என்ற முறையிலும் கேட்கலாம், நிகழ்த்தியவள் என்ற முறையிலும் கேட்கலாம். கேமரா பிடித்தவர்களுக்கும் அந்தப் படப்பதிவின் மேல் உரிமை இருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நேராக யூட்யூபுக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்புவதை நான் முதல் படியாகச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 18 பிள்ளைகளும் ஒரே வீடியோவில் இருக்கிறார்கள். உங்கள் புகாரில் வீடியோ போனால் மற்ற 17 பேருடைய நிகழ்ச்சியும் சேர்ந்து போகும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அதுதான் முதல் மேடை. ஏற்றிய வீடியோவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்க யூட்யூபிலேயே வசதி இருக்கிறது. ‘எங்கள் மகள் வரும் பகுதியை மட்டும் ஏழு நாளுக்குள் வெட்டிவிடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மறுத்தால், மைனரின் பாதுகாவலராக யூட்யூபின் தனியுரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். அவர்கள் வழக்கமாக வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்துப் பிறகு பரிசீலிப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால்தான் பதிப்புரிமைப் புகார். அந்த ஆயுதத்தை எடுத்தால் எதிர்த்தரப்பு மறுப்புத் தாக்கல் செய்யலாம், அப்புறம் நீங்கள் நீதிமன்றம் போனதாகக் காட்ட வேண்டிவரும்.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்பதால் உங்கள் வாதத்தை அதன்மேல் கட்ட வேண்டாம்.

குரூப்களில் ஏற்கெனவே சுற்றியதைத் திரும்ப அழைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். தொடக்கத்தில் மகள் ஒரு சினிமாப் பாட்டின் இரண்டு அடிகளைப் பாடியதாகவும், ‘30 விநாடிக்குள் என்றால் பரவாயில்லை’ என்று பட்டறையில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு 30 விநாடிக் கணக்கு நம் சட்டத்தில் கிடையாது. பள்ளியில், ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் இருக்கும் நிகழ்ச்சியில் பாடினால் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அதே பாட்டு பொது வலையில் ஏறினால் அந்த விலக்கு கூட வராது. மேற்கோள் வேண்டுமென்றால் பாரதியிடம் போகச் சொல்லுங்கள். அவர் இறந்தது 1921இல். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கு முன்பே, 1949இல், அரசு அவர் படைப்புகளின் உரிமையை வாங்கிவிட்டது.

சேர்த்த வரி

சொல்லப்போனால் எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். 57ஆம் பிரிவு படைப்பாளியின் தனி உரிமை ஒன்றைச் சொல்கிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், இதை எழுதியது நான் என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே தங்கிவிடும்.

எல்லாத் திருத்தமும் சிதைப்பு ஆகாது. ஒற்றுப்பிழை நீக்குவது, வரியை மடக்கிப் போடுவது எல்லாம் பதிப்பாசிரியரின் வேலை. ‘எங்கம்மை’ என்பதை ‘என் அன்னை’ ஆக்கியதை நீதிமன்றம் சிதைப்பு என்று ஏற்குமா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் எழுதாத ஒரு வரியை அவள் பெயரில் முடிவில் ஒட்டுவது வேறு விஷயம். ‘கடைக்காரன் அத எடை போடல’ என்று எழுதியவள், ‘உலகை வெல்வோம்’ என்று முடிக்க மாட்டாள். கவிதையைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் இது எனக்கே தெரிகிறது. அச்சாகும் முன் கடிதம் போனால் போதும். ஒன்று, அவள் எழுதியபடியே போட வேண்டும். இல்லையென்றால் கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

20 பிரதி வாங்க வேண்டும் என்பது 3,000 ரூபாய். முதலில் சொல்லாத ஒன்றைப் பின்னால் நிபந்தனையாக வைத்தால் கட்ட வேண்டியதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1915 என்ற உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை. இருந்தாலும் இன்னும் கட்டாத பணத்துக்காக அங்கே அலைய வேண்டாம், கட்டாமல் இருங்கள். காசு கொடுத்து இடம் வாங்கும் தொகுப்பில் பெயர் வருவதால் பெருமை ஒன்றும் கூடிவிடாது. தமிழ் வளர்ச்சித் துறை பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதைப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 10,000, அடுத்து 7,000, அதற்கடுத்து 5,000 ரூபாய். அங்கே பிள்ளையிடம் காசு கேட்பதில்லை, பிள்ளைக்குத் தருகிறார்கள். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவும் இருக்கிறது. தமிழாசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அத்தை வழக்குப் போட்டால்

‘உண்மையைத்தானே எழுதியிருக்கிறாள், அப்புறம் என்ன பயம்’ என்கிறீர்கள். பாதி சரி. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை நல்ல கேடயம். ஆனால் அவதூறைக் குற்றமாக்கும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். பெயர் போடவில்லை என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. தெரிந்தவர்கள் யாரென்று கண்டுகொண்டால் போதும். மேலத்தெருவில் உங்களுக்கு ஒரே ஒரு நாத்தனார்தான் என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் சொன்னதும் பதற வேண்டாம். இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றமல்ல. உங்கள் மகள் மைனர் என்பதால் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், சாதாரணக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அல்ல. வாங்கிய கடனைத் திருப்பாதவர், அந்தக் கடனைப் பற்றியே குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டிய வழக்கைப் போடுவாரா என்று யோசியுங்கள். என் அனுபவத்தில் குடும்ப குரூப்பில் வரும் ‘கேஸ் போடுவேன்’களில் நூற்றுக்கு ஒன்றுகூட வக்கீல் வாசலை மிதிப்பதில்லை.

பயம் வழக்கைப் பற்றி இல்லை, வரும் கார்த்திகைக்கு அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியுமா என்பதைப் பற்றி என்று நீங்களே ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் மருந்து தர முடியாது. ஆனால் ‘மேலத்தெரு’ என்ற ஒரு சொல்லை எடுத்தால் கவிதைக்கு என்ன நஷ்டம் என்று மகளிடம் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன், எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அத்தை யாரென்று தெரியாவிட்டால் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தன் அத்தை ஞாபகம் வரலாம். வராமலும் போகலாம். அதை அவள் முடிவு செய்யட்டும். பள்ளித் தமிழ் மன்றத்தில் அடுத்த மாதம் அதே கவிதையைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்களே, அதற்குள் யோசிக்க நேரமிருக்கிறது.

இதையெல்லாம் பேசும்போது உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். மணிக்கட்டு உங்களுடையது. மண்டபத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை எனக்குக் கூட நீங்கள் எழுதவில்லை. கைதட்டினீர்களா, தலையைக் குனிந்துகொண்டீர்களா? அவளுக்கு அது தெரிந்தால் நல்லது.

அடுத்த படிவம் வரும்போது

- கையெழுத்துப் போடுவது நீங்கள், படித்துச் சம்மதிப்பது அவள். இரண்டும் வேண்டும்.
- ‘அனைத்து உரிமைகளும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘இந்தத் தொகுப்பில் ஒரு முறை அச்சிட மட்டும் அனுமதி, பதிப்புரிமை மாணவியுடையது’ என்று கையால் எழுதுங்கள். அடித்து எழுதினால் படிவம் செல்லாமல் போகாது. பலர் அந்தப் பயத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.
- வீடியோவுக்குத் தனிச் சம்மதம் கேளுங்கள். பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டாம். வீட்டு விஷயம் பேசும் கவிதை என்றால் பார்வையாளர் முன்னால் மட்டும் சொல்கிறேன், கேமரா வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. நல்ல பயிற்சியாளர் இதைத் தானே கேட்பார்.
- மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியை, பார்க்காமல் அச்சுக்கு விட வேண்டாம்.

இப்போதைக்கு அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். வக்கீல் நோட்டீஸ் இன்றைக்குத் தேவையில்லை. கவிதையின் பதிப்புரிமை மகளுடையது. படிவம் மைனர் போட்டது என்பதால் செல்லாது. வீடியோவுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம். தொகுப்பில் மூலத்தின்படி போடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பிரதிகள் வாங்குவதாக இல்லை. இந்த ஐந்தையும் ஐந்து வரியில் எழுதி, பாதுகாவலர் என்று உங்கள் பெயரைப் போடுங்கள். அனுப்பும் முன் மகளிடம் படித்துக் காட்டுங்கள். வீடியோ இருக்கட்டும் என்று அவள் சொன்னால், மூன்றாவது வரியை அனுப்பும் முன் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

பட்டறையின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். அங்கே அவர்கள் கேட்டதையும் நீங்கள் போட்டதையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் கட்டிய ரசீதையும் தேடி எடுங்கள்.

அப்புறம், பரணில் கிடக்கும் அந்த நோட்டை இறக்கச் சொல்லுங்கள். முதல் வரைவு, அடித்து எழுதியது, ஓரத்தில் போட்ட தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். கடைசி வரி அவள் எழுதியதில்லை என்று நாளைக்குக் காட்ட வேண்டிவந்தால் உங்களிடம் இருக்கும் முதல் ஆவணம் அதுதான். கணவரிடம் வக்கீல் கேட்டதாகச் சொல்லுங்கள், இறக்கித் தருவார்.